எங்கள் ஊர்ப் பட்டாளத்தார்



படைவீரரைப் பற்றிப் பேச அழைத்தால், பேச்சாளர்கள் பெரும்பாலும் இருவரையே நாடுவார்கள். ஒருவர் படையை நடத்திய தளபதி. மற்றவர் களத்தில் உயிர் நீத்த தியாகி. இருவரும் போற்றுதற்கு உரியவர்களே. ஆயினும், படைக்குச் சென்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவ்விருவருள் எவரும் ஆகாமல், பதினைந்து ஆண்டோ இருபது ஆண்டோ பணியாற்றிவிட்டு, ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு கம்பளியுமாக ஊர் திரும்பியவர்கள். அவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம், கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரிலும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு. 'பட்டாளத்தார் வீடு எது?' என்று கேட்டால் சிறு குழந்தையும் கை காட்டும். எனக்கு அவர் பட்டாளத்து மாமா.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் மலைக்கோயில் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ளது. ஏரிப் பாசனம் சிறிது, கிணற்றுப் பாசனம் சிறிது, எஞ்சியது வானம் பார்த்த பூமி. மணிலாக்கொட்டைதான் எங்கள் உயிர்ப்பயிர். எங்கள் வட்டாரத்தில் அதனை மல்லாட்டை என்போம். என் சிறுவயதில், மழை பொய்த்த ஆண்டில் இளைஞர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, சென்னைக்கு ரயிலேறுவது. மற்றொன்று, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் மார்பளவு காட்டி நிற்பது.

இந்த மண்ணுக்குப் போர் புதிதன்று. எங்களுக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்திலிருந்து வடக்கே சென்றால் வந்தவாசி. 1760 ஜனவரி 22ஆம் நாள் அங்கே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் அயர் கூட் வென்றார், லாலி தோற்றார் என்று வரலாற்றுப் பாடம் சொல்லும். விடைத்தாளில் இவ்விரு பெயர்களும் இருந்தால் மதிப்பெண் தந்துவிட வேண்டியதுதான், நானும் தந்திருக்கிறேன். இரு தரப்பிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்களே, அவர்கள் எந்த ஊரார், போர் முடிந்தபின் எங்கே போனார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்கும் வினாத்தாளை நான் கண்டதில்லை.

அப்போருக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1758இல், ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி சென்னைச் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகத் திரட்டினார். இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. 1780இல் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய இரண்டு கம்பெனிகள் 'பயனியர்' என்ற பெயரில் அமைந்தன. அவற்றின் வழிவந்தவர்களே மதராஸ் சாப்பர்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது ஆகியவை இவர்களுடைய தொழில். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இவர்களுக்குத் தலைமையிடம். படை முழுவதும் இவர்களைத் 'தம்பி' என்றே அழைக்கும். வடநாட்டு அதிகாரியும் ஒரு தமிழ்ச் சொல்லால் அழைக்கும் படைப்பிரிவு இது ஒன்றுதான் என்று மாமா பெருமையோடு சொல்வார்.

தென்னாட்டாரைப் பற்றி ஆங்கிலேயர் எல்லாக் காலத்திலும் இப்படி அன்பு பாராட்டினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். தெற்கத்தியர் நெடுநாள் அமைதியில் வாழ்ந்து போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்பது அவர் கொள்கை. 'போர்ச் சாதிகள்' என்று சிலரைப் பிரித்து, மற்றவர்களை ஒதுக்கும் முறை அக்காலத்தில் வலுப்பெற்றது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1928க்குள் எஞ்சியிருந்த நிரந்தரப் பட்டாலியன்களும் சிக்கனத்தைக் காரணம் காட்டிக் கலைக்கப்பட்டன. சாப்பர்கள் மட்டும் தப்பினார்கள். மண் வெட்டுவோர் எந்தச் சாதியானாலும் தேவைப்படுவர் அல்லவா? இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஆள் போதவில்லை. 1941இல் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. வீரம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் பதின்மூன்று ஆண்டுகளில் வீரர்களாகிவிட்டார்கள்! தேவை வந்தால் கொள்கை எவ்வளவு விரைவாக வளைகிறது, பாருங்கள்.

அந்தப் போரில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சேவை புரிந்தனர். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்களுள் ஒருவர், மதராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்துக்கு அருகே கண்ணிவெடி தேடும் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றார். உடன் வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிப்பதற்கு இடையில் இருந்த சில நொடிகளில் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு, இறந்தபின், ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. இவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. போர் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஓய்வூதியத்துக்குப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். இவர்களுக்கு இருந்ததோ நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு. பர்மாவுக்கும் பாலைவனத்துக்கும் சென்று வந்தவர்கள் வெறுங்கையோடு ஏர் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்தம் விதவைகளுக்கும் மாநில அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது. என் இளமையில் எங்கள் தெருக்கோடியில் அப்படிப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார், ஆடு மேய்ப்பார், ஆடுகளை இத்தாலிய மொழியில் திட்டுவார்.

இனி மாமாவிடம் வருவோம்.

1962இல் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அதையடுத்து நம் அரசு படையைப் பெருக்கத் தொடங்கியது. மாமா 1963இல் சேர்ந்தார். சான்றிதழ்ப்படி அவருக்கு வயது பதினெட்டு. சான்றிதழ்ப்படி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அக்காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று ஏது? பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர், 'வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக்காதைத் தொடு' என்பார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது; ஜூன் மாதத்தில் ஏதேனும் ஒரு தேதியை எழுதிக்கொள்ளலாம். நம் நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறது! நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோதும் எங்கள் மூத்த ஆசிரியர்கள் இம்முறையைச் சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார்கள். மாமா மார்கழியில் பிறந்தவர் என்று அவருடைய தாயார் சொல்வார். ஆனால் படையில் அவருக்கு வயதேறியதும், பின்னர் ஓய்வு தந்ததும், அந்தக் காதைத் தொட்ட கணக்கின்படியே.

விழுப்புரம் சந்திப்பில் மீட்டர்கேஜ் வண்டி ஏறித் திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடி; அங்கே அகலப்பாதை வண்டிக்கு மாறிப் பெங்களூர். அதுவரை அவர் திண்டிவனம் தாண்டி வடக்கே சென்றதில்லை. பயிற்சிக் களத்தில் அணிநடையும் துப்பாக்கியும் கற்றார். பாலத்துக்கு முடிச்சுப் போடக் கற்றார். ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட இந்தியைப் படிக்கக் கற்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், படையில் மூன்று மொழிகள் பேசினார். 1965இல் போர் வந்தபோது அவருடைய பிரிவு பாலங்களைக் காக்கும் பணியில் இருந்ததாம். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். 'கொசு நிறைய' என்பதோடு சரி.

1968இல் திருமணம். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய நாள்முதல் மாமாவின் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பணி எனக்கு வாய்த்தது. '56 ஏ.பி.ஓ.' என்பதுதான் அவருடைய ஊர். அது இமயமலையா, பஞ்சாபா, ராஜஸ்தானமா என்று எவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே படையில் அப்படி ஒரு முகவரி முறை. கடிதத்தில் போர் இருக்காது. கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது, மல்லாட்டை என்ன விலை போயிற்று, செவலைப் பசு சினை பிடித்ததா என்றே கேட்டிருப்பார். அத்தை ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்ல, நான் எழுதுவேன். 1971 டிசம்பரில் கடிதம் நின்றது. அஞ்சல்காரர் வரும் நேரத்துக்கு அத்தை தெருமுனைப் புளியமரத்தடிக்குச் சென்று நிற்பார். ஒரு சொல்லும் பேசாமல் நிற்பார். அவர் போனபின் திரும்பி வருவார். பொங்கல் கழிந்தே கடிதம் வந்தது. 'கிணற்றில் தண்ணீர் எப்படி?' என்றுதான் அதுவும் தொடங்கியது.

அந்த டிசம்பரில் அவர் எங்கே இருந்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஜம்முவுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால், ஷகர்கர் பகுதியில் பசந்தர் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரைகளில் பாகிஸ்தான் படையினர் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குக் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். அவற்றை அகற்றிப் பாதை அமைத்தால்தான் நம் டாங்கிகள் கடக்க முடியும். அப்பணியில் ஈடுபட்டவற்றுள் ஒன்று, மதராஸ் சாப்பர்களைக் கொண்ட 9ஆம் பொறியாளர் ரெஜிமெண்ட். அதன் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அப்போரில் உயிர் துறந்து மகாவீர சக்கரம் பெற்றார். டிசம்பர் 16ஆம் நாள் ஆற்றுக்கு அப்பால் டாங்கிப் போரில் வீழ்ந்த இருபத்தொரு வயது அருண் கேத்ரபாலின் பெயரை மாணவர்கள் அறிவீர்கள். அவருக்குப் பரமவீர சக்கரம். பாதை முற்றிலும் துப்புரவு ஆகும் முன்பே, காலாட்படைக்கு உதவி தேவை என்று, அந்த டாங்கிகள் வெடிநிலத்தில் புகுந்து கடந்தன. உலகம் அதனைத் துணிவு என்று போற்றுகிறது, போற்ற வேண்டியதே. பசந்தரில் சாப்பராக இருந்த மாமாவுக்கோ அதில் ஒரு மனக்குறை உண்டு. 'வேலை பாதிகூட முடியல, வாத்தியாரே. அதுக்குள்ள வண்டிய உட்டுட்டாங்க. ஒண்ணு வெடிச்சிருந்தா பழி யார் மேல?' என்பார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்குத் தன் வேலை அரைகுறையாய் நின்றதே உறுத்திற்று. நல்ல தச்சனிடமும் நல்ல கொத்தனாரிடமும் நான் கண்ட குணம் இது.

1981இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். வயது, காகிதத்தில், முப்பத்தாறு. ஓர் ஆசிரியர் அவ்வயதில்தான் தன் தொழிலை முழுமையாக அறிந்துகொள்கிறார். படைவீரருக்கோ அத்தொழில் முடிந்துவிடுகிறது. படை இளமையோடு இருக்கவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதன் விலையை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். படைவீரருக்கு ஆண்டுக்கு அறுபது நாள் விடுப்பு; முப்பது நாள் தற்செயல் விடுப்பு. இரண்டும் முழுதாகக் கிடைத்தாலும் ஆண்டுக்குத் தொண்ணூறு நாள். 1968 முதல் 1981 வரை பதின்மூன்று ஆண்டுகள். ஆயிரத்து நூற்றெழுபது நாள்கள். பதின்மூன்று ஆண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தது, மிஞ்சிப்போனால், மூன்று ஆண்டும் இரண்டரை மாதமும்! இதிலும் ரயில் பயணம் தின்ற நாள்களைக் கழிக்கவேண்டும். 1971இல் ரத்தான விடுப்பைக் கழிக்கவேண்டும். எஞ்சிய நாள்களில் கிணற்றுக்குத் தூர் எடுத்ததும், மாமியாரை அடக்கம் செய்ததும், மூத்த மகனைப் பள்ளியில் சேர்த்ததும் அத்தை தனியாக. படைப்பதிவேட்டில் இதற்கு ஒரு வரியும் கிடையாது.

ஊர் திரும்பிய மாமாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வாயிலில் ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்படி அமர்ந்திருந்து, ஒருநாளும் அதைச் சுடவில்லை. வெடிநிலத்தில் பாதை போட்டவர், மணியார்டர் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்போருக்கு எதிரிலிருந்த அஞ்சலகத்தைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். இதை நான் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. அவரும் அதை இழிவாக எண்ணியதில்லை. எங்கள் பக்கம் கிணறு வெட்டும்போது பாறை குறுக்கிட்டால் வெடி வைப்பார்கள். 'நீங்கள் வந்து வைத்துத் தாருங்கள்' என்று பலர் அழைப்பார்கள். ஒருமுறையும் போகமாட்டார். 'அது லைசென்ஸ் வச்சிருக்கிறவன் வேலை' என்பார். வரப்பில் நடக்கும்போது மட்டும், முன்னே செல்பவர் கால் வைத்த இடத்திலேயே தாமும் கால் வைப்பார். அதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் அத்தை.

டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாள் என்பதை மாணவர்கள் அறிவீர்கள். 1949 முதல் நடைபெற்று வருகிறது. பள்ளிதோறும் உண்டியல் வரும். சிறு கொடியை மார்பில் குத்திக்கொண்டு காசு போடுவோம். 2006ஆம் ஆண்டு நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், உண்டியலோடு நிறுத்தாமல் மாமாவையும் அழைத்தேன். பேசத் தெரியாது என்று மறுத்தார். பிறகு, பழைய குடைக் கம்பி பத்தும் கொட்டாங்குச்சி பத்தும் வாங்கி வைக்கச் சொன்னார்.

வந்தார். காலைக் கூட்டத்தில் முதல் வரிசைப் பையன் எழுந்து, 'எத்தனை பேரைச் சுட்டீர்கள், ஐயா?' என்று கேட்டான். ஆசிரியர்கள் பதறினார்கள். மாமா பதறவில்லை. 'நான் சுடுற ஆள் இல்ல, தம்பி. தேடுற ஆள்' என்றார். மைதானத்தின் ஓரத்து மணலில் பத்துக் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்துப் புதைத்து, மேலே சமன் செய்து, பத்து மாணவர்களைக் குப்புறப் படுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு குடைக் கம்பி. கம்பியை நேராகக் குத்தக்கூடாது. சாய்வாக, மெல்ல, இரண்டு விரல் இடைவெளியில் மண்ணுக்குள் செலுத்தவேண்டும். தட்டுப்பட்டதும் நிறுத்தவேண்டும். பிறகு பக்கவாட்டில் விரலால் மண்ணை விலக்கவேண்டும். கொட்டாங்குச்சி அசைந்தால் தேடியவர் 'செத்தார்'.

ஐந்து நிமிடத்துக்குள் ஆறு பேர் செத்தார்கள். சிரிப்பொலி எழுந்தது. கால் மணியில் மேலும் இருவர். அதற்குள் வெயில் ஏறிவிட்டது; சுற்றி நின்றோர் பொறுமை இழந்தார்கள். ஒன்பதாமவன் முதுகில் எறும்பு ஊர, கையை உதறினான், அவனும் போனான். எஞ்சியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வீட்டில் பூக்கட்டுபவள், விரல் அவள் சொன்னபடி கேட்டது. நாற்பது நிமிடம் ஆயிற்று. கொட்டாங்குச்சியின் விளிம்பு முழுவதும் அசையாமல் வெளிப்பட்டது. மாமா அவள் அருகே மண்டியிட்டு அதைப் பார்த்தார். 'இது ஒண்ணு. எங்களுக்கு ராத்திரில, குளிர்ல, மேல குண்டு விழ, இந்த மாதிரி எத்தனையோ' என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. சிரித்த பையன்கள் அதன்பின் சிரிக்கவில்லை. அன்று உண்டியல் கனத்தது.

மாமாவின் திண்ணைக்கு இன்னொருவர் வருவார். வயதில் இளையவர், பக்கத்துத் தெரு. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய–இலங்கை உடன்படிக்கை கையெழுத்தானதும் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதி காக்கும் படையில் இருந்தவர். காக்கச் சென்ற படை சில மாதங்களில் போரிட நேர்ந்ததும், ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டதும், ஈழத் தமிழ் மக்கள் அடைந்த பெருந்துன்பமும் நீங்கள் படித்திருக்கக்கூடும். 1990 மார்ச் இறுதியில் கடைசி அணியினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அந்நாள் முதலமைச்சர் வரவேற்புக்குச் செல்லவில்லை. ஈழத் தமிழர் பட்ட துன்பமே அதற்கு அவர் கூறிய காரணம். அதன் நியாய அநியாயத்தை ஆராய்வது என் நோக்கமன்று. தமிழ் பேசும் ஒரு சிப்பாய், தமிழில் அழும் ஒரு தாயின் வீட்டைச் சோதனையிட்டுவிட்டு வந்து என்ன செய்வான் என்பதே என் கேள்வி. இவர் ஒன்றும் சொல்லமாட்டார். மாமாவும் கேட்கமாட்டார். இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை மோர் கொண்டுவந்து வைப்பார். ஒரு சிப்பாய் தன் போரைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. அதனை நினைவில் சுமப்பது மட்டும் அவன் தலையில் விழுகிறது.

மாமா 2013இல் காலமானார். அவருக்குப் பின் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். அது வரவில்லை. காரணம் ஒரு பெயர். 1968இல் திருமணச் செய்தியைப் பதிவு செய்த எழுத்தர், தமிழ் அறியாதவர் போலும், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படைப்பதிவேட்டில் 'அம்மா' என்று முடிந்த பெயர், குடும்ப அட்டையில் 'அம்மாள்' என்று முடிந்தது. வாக்காளர் அட்டையில் நடுவில் ஓர் எழுத்து வேறு. வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து தந்தையுடையது; ஆதாரில் கணவருடையது. பிறந்த ஆண்டு ஒவ்வொன்றிலும் ஒன்று. ஐந்து தாள்களில் ஐந்து பெண்கள். அவர்களுள் எவர் ஹவில்தாரின் மனைவி என்று அலுவலகம் கேட்டது. சட்டப்படி அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்தைக்கு அது வேறு விதமாகக் கேட்டது. 'நான் அவர் பெண்சாதிதானான்னு கேக்கறாங்களா?' என்றார்.

ஒன்பது மாதங்கள் அலைந்தோம். அந்த ஒன்பது மாதமும் அத்தை, எழுபதை நெருங்கிய வயதில், மல்லாட்டை ஆயும் கூலிக்குச் சென்றார். 'சும்மா உக்காந்தா கால் மரத்துப் போவுது' என்று சொல்லிக்கொண்டார். பிள்ளைகளிடம் கை நீட்ட மனம் இல்லை என்பதை நான் அறிவேன். உதவியவர் விழுப்புரத்தில் முன்னாள் வீரர் ஒருவர். படையில் எழுத்தராக இருந்தவர். வேப்பமர நிழலில் அமர்ந்து, தம்மை ஒத்த வீரர்களுக்கும் விதவைகளுக்கும் கட்டணம் வாங்காமல் மனு எழுதித் தருபவர். மாமாவின் படைவிடுப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நீதிமன்ற முத்திரைத்தாளில் உறுதிமொழி, கிராம நிர்வாக அலுவலர் சான்று, தம்பதி சேர்ந்து எடுத்த புகைப்படம் என்று பட்டியல் தந்தார். புகைப்படம் ஒன்றே ஒன்று இருந்தது: 1974இல் விடுப்பில் வந்தபோது திண்டிவனத்து ஸ்டுடியோவில் எடுத்தது. மாமா சீருடையில், அத்தை, பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, ஒரு முழம் தள்ளி.

ஓய்வூதியம் வந்தது, நிலுவையும் சேர்ந்து வந்தது. நவம்பர்தோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க அத்தை வங்கிக்குச் சென்றார். 2014 நவம்பரில் மின்னணு முறை தொடங்கியபின் கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். மல்லாட்டை ஆய்ந்து தேய்ந்த விரலில் ரேகை பதியவில்லை. நாலாவது விரல் பதிந்தது.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இன்றும் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடுகிறார்கள். படைத் தேர்வுக்குப் பயிற்சி. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபத் முறையில் பணிக்காலம் நான்கு ஆண்டு. மிகுதியாகப் போனால் நான்கில் ஒருவரே தொடர்ந்து நிலைக்கலாம். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயும் வாழ்த்தும் உண்டு, ஓய்வூதியம் இல்லை. படையை இளமையாக வைக்கவும் செலவைக் குறைக்கவும் இது தேவை என்கிறது அரசு. எனக்கோ, இத்தாலிய மொழியில் ஆடு மேய்த்த முதியவரின் நினைவு வருகிறது. நான்கு ஆண்டு முடிந்து இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் திரும்பப்போகும் இந்தப் பிள்ளைகளுக்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். அவர்கள் சிரித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். சிலர் மட்டும் மாலையில் விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வருவார்கள், சரிபார்த்துத் தரச் சொல்லி. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பார்ப்பது அவனுடைய மதிப்பெண்ணையன்று. தாயின் பெயரை ஒவ்வொரு தாளிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அன்றிரவே தாசில்தார் அலுவலகத்துக்கு மனு எழுதி, மறுநாள் காலை முதல் பேருந்தில் அவனைத் திண்டிவனத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.